ஆறுமுகநேரிக்கு எத்தனை எழுத்து?

உங்களிடம் ஓர் எளிய கேள்வி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் போனால், குரும்பூரைத் தாண்டியதும் ஒரு நிலையம் வரும். பெயர் ஆறுமுகநேரி. இந்தப் பெயரில் எத்தனை எழுத்துகள்?

ஆ, று, மு, க, நே, ரி. விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லிவிடுவீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதையே சொல்லும்.

இதே கேள்வியை ஒரு கணிப்பொறியிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை 30 என்று சொல்லும். வேறு விதமாகக் கேட்டால் 10 என்று சொல்லும். சரியான கருவியைக் கையில் கொடுத்துக் கேட்டால்தான் 6 என்று சொல்லும். வியப்பாக இருக்கிறதா? இந்த மூன்று விடைகளும் எப்படி வந்தன, எது எப்போது சரி என்று தெரிந்துகொண்டால், இணையத்தின் பின்னால் ஓசையின்றி உழைக்கும் சின்னஞ்சிறு நிரல்களைப் பற்றியும் தெரிந்துகொள்வீர்கள். நாம் நிரப்பும் விண்ணப்பம், வாங்கும் பயணச் சீட்டு, பார்க்கும் தேர்வு முடிவு எல்லாம் அவற்றின் கை வழியேதான் வருகின்றன.

உப்பளத்தில் ஒரு பாடம்

முதலில் ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போவோம். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவிட்டு உப்பு விளைவிக்கிறார்கள். எந்த நேரத்தில் நீரை உப்பு விளையும் பாத்திக்கு மாற்றுவது? பார்வைக்கு எல்லாப் பாத்தி நீரும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்காகத் திரவமானியை மிதக்கவிட்டு 'டிகிரி' பார்க்கிறார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். நீர் சுண்டச் சுண்ட எண் ஏறும். 25 டிகிரியை ஒட்டி உப்பு படிகமாகத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசியம் உப்புகள் கலந்து கசப்பு ஏறும். ஆகவே அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள். அளவுகோலை அமைத்த பிரெஞ்சு வேதியியலாரின் பெயரால் இதைப் 'போமே' அளவு என்பர்.

இந்தத் திரவமானியைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்குள் நீரைக் கொடுக்கிறோம். ஓர் எண் கிடைக்கிறது. யாருடைய பாத்தி என்று அது கேட்பதில்லை. நேற்று என்ன அளந்தோம் என்று நினைவில் வைப்பதில்லை. அளக்கும் நீரை மாற்றுவதும் இல்லை. ஒரே நீரை நூறு முறை அளந்தாலும் ஒரே விடைதான். ஒரு கருவியை வைத்துக்கொண்டு எத்தனை பாத்திகளையும் அளக்கலாம்.

கணிப்பொறி நிரல்களிலும் இப்படிப்பட்ட கருவிகள் உண்டு. ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்றை விடையாகத் திருப்பித் தரும் நிரல் துண்டுக்குச் 'செயற்கூறு' என்று பெயர். பல இடங்களில் பயன்படுமாறு பொதுவாக எழுதி வைத்த சிறு செயற்கூறுகளைப் 'பயன்கூறுகள்' என்று நாம் அழைக்கலாம். எழுத்தை எண்ணுவது, பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தைக் களைவது, தேதியை நம் முறையில் எழுதுவது, 1234567 என்ற எண்ணை 12,34,567 என்று நம் ஊர் வழக்கப்படி பிரித்துக் காட்டுவது, எல்லாம் இவற்றின் வேலை.

அலமாரியில் அடுக்கிய நிரல்கள்

இந்த எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'எட்சாக்' கணிப்பொறி 1949 மே மாதம் இயங்கத் தொடங்கியது. அதில் நிரல் எழுதியவர்கள் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதிப் பிழை செய்துகொண்டிருந்தார்கள். டேவிட் வீலர் என்ற இளம் ஆய்வாளர், முதன்மை நிரல் ஒரு துணை நிரலுக்குத் தாவி, வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வரும் உத்தியைக் கண்டார். ஒருமுறை சரியாக எழுதிய துணை நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து, அலமாரியில் நூலகம்போல அடுக்கி வைத்தார்கள். 1951-க்குள் அங்கே 87 துணை நிரல்கள் சேர்ந்திருந்தன. மாரிஸ் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் அவ்வாண்டே இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள்.

அலமாரி இன்று இணையத்தில் இருக்கிறது. நீங்கள் கைப்பேசியில் ஒரு படிவத்தைத் திறக்கும்போது, எங்கோ தொலைவில் உள்ள 'சர்வர்' எனப்படும் வழங்கிக் கணிப்பொறி உங்களுக்காக ஒரு பக்கத்தை ஆக்கி அனுப்புகிறது. அதில் பயன்படும் நிரல்மொழிகளில் ஒன்று 'பிஎச்பி'. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த சிறு கருவித் தொகுப்பை 1995 ஜூனில் எல்லோருக்கும் வெளியிட்டார். அந்தத் தொகுப்பே வளர்ந்து ஒரு மொழியாயிற்று.

30, 10, 6

இனி நம் கேள்விக்கு வருவோம். கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்தாக வேண்டும். 1963-இல் அமெரிக்காவில் வகுத்த 'அஸ்கி' முறையில் மொத்தம் 128 இடங்கள் மட்டுமே. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கு அங்கே இடமே இல்லை. உலக மொழிகள் அனைத்துக்கும் இடம் தருவதற்காக 1991-இல் 'யூனிகோடு' முறையின் முதல் பதிப்பு வந்தது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

ஆனால் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரப்படவில்லை. உயிரெழுத்துகளுக்கு எண் உண்டு. 'க', 'ம' போன்ற அகரமேறிய மெய்களுக்கு எண் உண்டு. கொம்பு, கால், சுழி, புள்ளி ஆகிய துணைக்குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. 'மு' என்பது 'ம' என்ற எண்ணும் உகரக் குறியின் எண்ணும் சேர்ந்தது. ஆகவே ஆறுமுகநேரி கணிப்பொறிக்குள் இப்படி இருக்கிறது:

2950, 2993, 3009, 2990, 3009, 2965, 2984, 3015, 2992, 3007.

எண்ணிப் பாருங்கள், பத்து எண்கள். 10 என்ற விடை இங்கிருந்துதான் வந்தது.

அப்படியானால் 30? இந்த எண்களைச் சேமிக்கவும் கம்பி வழியே அனுப்பவும் 'பைட்' என்னும் சிறு அறைகளில் இட வேண்டும். கென் தாம்சன், ராப் பைக் இருவரும் 1992-இல் வகுத்த 'யூடிஎஃப்-8' முறையில், 127 வரை உள்ள எண்ணுக்கு ஓர் அறை போதும். 2047 வரை இரண்டு அறைகள். அதற்கு மேல் 65,535 வரை மூன்று அறைகள். தமிழ் தொடங்குவதே 2944-இல் அல்லவா? எனவே ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று அறைகள். பத்து மூன்று முப்பது.

பிஎச்பி மொழியில் இதற்கு மூன்று பயன்கூறுகள் உள்ளன. 'ஸ்டிர்லென்' என்பது அறைகளை எண்ணி 30 என்கிறது. 'எம்பி ஸ்டிர்லென்' யூனிகோடு எண்களை எண்ணி 10 என்கிறது. 'கிராஃபீம் ஸ்டிர்லென்' கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணி 6 என்கிறது. மூன்றும் பொய் சொல்லவில்லை. எதை எண்ணச் சொன்னோமோ அதை எண்ணின. தவறு இருந்தால் அது கருவியைத் தேர்ந்தவரிடம்தான்.

அறுந்துபோன பெயர்

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு படிவத்தைக் கற்பனை செய்யுங்கள். ஊர்ப் பெயருக்கு 20 இடம் என்று நிரலாளர் முடிவு செய்கிறார். ஆங்கிலத்தில் எழுதிச் சோதித்துப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே நடக்கிறது. ஆனால் அவர் ஒதுக்கியது 20 எழுத்து அன்று, 20 பைட். அதில் நம் ஊர்ப் பெயரை இட்டால் என்ன ஆகும்?

முதல் 18 அறைகளில் ஆறு எண்கள் அடங்கும். அதாவது 'ஆறுமுக' வரை. எஞ்சிய இரண்டு அறைகளில் 'ந' என்ற எண்ணின் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நுழையும். பாதி உடைந்த அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. திரையில் ஒரு கேள்விக்குறியோ வெற்றுக் கட்டமோ தோன்றும். அடையாள அட்டையில் அச்சாகும்போது அந்த மாணவரின் ஊர் 'ஆறுமுக' என்று அறுந்து நிற்கும்.

பைட்டுக்குப் பதில் யூனிகோடு எண்ணைக் கணக்கிட்டு ஒன்பதோடு வெட்டினாலோ, இகரக் குறி மட்டும் விழுந்துபோய் 'ஆறுமுகநேர' என்று வரும். இது முன்னதைவிட ஆபத்தானது. உடைந்த கட்டம் கண்ணில் படும்; இப்படிப்பட்ட பிழை கண்ணில் படாமலே பதிவேட்டில் உட்கார்ந்துவிடும். பின்னர் ஒரு சான்றிதழில் ஒரு பெயரும் மற்றொன்றில் வேறு பெயரும் இருந்தால் அலைவது யார்? பெயருக்கு உரியவர்தான்.

குறுஞ்செய்தியிலும் இதே கணக்கு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே. அதில் ஆறுமுகநேரி என்று எழுதினால் பத்து இடம் போய்விடும். செய்தி அனுப்பும் வழங்கி 6 என்று தவறாகக் கணக்கிட்டால், ஒரு செய்தி என்று நினைத்தது இரண்டாகிவிடும், கட்டணமும் இரட்டிப்பாகும். பார்த்தீர்களா? இங்கே 10 என்பதே சரியான விடை!

நீங்களே ஒரு பயன்கூறு எழுதுங்கள்

கணிப்பொறி இல்லாமலே, தாளில் ஒரு பயன்கூறு எழுதிப் பார்ப்போம். பெயர்: 'எழுத்தெண்ணி'. உள்ளே தருவது ஒரு தமிழ்ச் சொல்லின் யூனிகோடு எண்கள். விடை எழுத்தின் எண்ணிக்கை.

ஒன்று: விடையைச் சுழி என்று வைத்துக்கொள்.
இரண்டு: அடுத்த எண்ணை எடு. எண் தீர்ந்துவிட்டால் ஐந்தாம் படிக்குப் போ.
மூன்று: அந்த எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது துணைக்குறி, அதை விட்டுவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்பு.
நான்கு: இல்லையெனில் விடையோடு ஒன்று கூட்டி இரண்டாம் படிக்குத் திரும்பு.
ஐந்து: விடையைத் திருப்பிக் கொடு.

மேலே உள்ள பத்து எண்களில் 3009, 3009, 3015, 3007 ஆகிய நான்கும் துணைக்குறிகள். அவை போக ஆறு. நம் எழுத்தெண்ணி வேலை செய்கிறது!

அவசரப்பட வேண்டாம். ஒரு சொல்லில் சரியாக இருந்தால் எல்லாச் சொல்லிலும் சரியாக இருக்குமா? நல்ல நிரலாளர் விடை தெரிந்த கேள்விகளைக் கொடுத்துத் தம் கருவியைச் சோதிப்பார். தூத்துக்குடி என்று கொடுத்தால் 6 வர வேண்டும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் சுழி வர வேண்டும். 'க்ஷ' என்று கொடுத்தால்? ஓர் எழுத்தாகக் கருதுவோருக்கு 1 வர வேண்டும். நம் கருவியோ 2 என்னும். ஆக, இன்னும் ஒரு விதி சேர்க்க வேண்டியிருக்கிறது. எந்தச் சொல்லில் கருவி தவறுகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே இக்கலையின் பாதி.

இந்த வேலையைத் தமிழர்கள் செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தந்திருக்கிறார்கள். 'ஓப்பன் தமிழ்' என்ற தொகுப்பு, பைத்தான் மொழியில் எழுதிய தமிழ்ப் பயன்கூறுகளின் அலமாரி. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கவும், அகர வரிசைப்படி ஒப்பிடவும் அதில் கருவிகள் உண்டு. இதன் பின்னணியில் உள்ளவர்களில் ஒருவரான முத்தையா அண்ணாமலை, தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியையும் உருவாக்கியவர். அதைப் பற்றிய ஆய்வுரை 2009-இல் வெளிவந்தது. எழிலில் செயற்கூற்றுக்கு 'நிரல்பாகம்' என்று பெயர். விடையைத் திருப்பித் தரும் கட்டளை 'பின்கொடு'.

ஒரு கொற்கை, இரண்டு கொற்கை

முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை ஆறுமுகநேரிக்குத் தொலைவில் இல்லை. அந்தப் பெயரில் ஒரு புதிர் உண்டு. 'கொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு 3018 என்று ஒரே எண் இருக்கிறது. கொம்பை 3014 என்றும் காலை 3006 என்றும் தனித்தனியே இட்டாலும் திரையில் அதே 'கொ' தோன்றும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணிப்பொறிக்கோ ஒன்றில் ஆறு எண்கள், மற்றொன்றில் ஏழு. ஆகவே இரண்டும் வேறு ஊர்! ஒரு வகையில் பதிந்த பெயரை மறு வகையில் தேடினால் 'அப்படி ஓர் ஊர் இல்லை' என்று விடை வரும். இதைத் தவிர்க்க, உள்ளே வரும் எழுத்தை எல்லாம் முதலில் ஒரே வடிவுக்கு மாற்றும் 'இயல்பாக்கப்' பயன்கூறு உண்டு. அதைக் கடந்த பிறகே எதையும் சேமிக்க வேண்டும், தேட வேண்டும்.

அகர வரிசையிலும் தொல்லை உண்டு. பயிர், பழம், பனை என்பது நம் அகராதி வரிசை. யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் பனை, பயிர், பழம் என்று வரும். 'ன' என்பதன் எண் 'ய'வின் எண்ணைவிடச் சிறியது என்பதே காரணம். வாக்காளர் பட்டியலோ மதிப்பெண் பட்டியலோ இப்படி அடுக்கப்பட்டால், பெயரைத் தேடுபவர் தம் பெயர் விடுபட்டதாகவே நினைப்பார்.

ஒரு நாள் குறைந்த பிறந்த நாள்

பல வழங்கிகள் உலகப் பொது நேரத்தைக் கணக்கில் வைத்திருக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஒருவரின் பிறந்த நாள் ஜூன் 10 என்று வைத்துக்கொள்வோம். நிரல் அதை 'ஜூன் 10, நள்ளிரவு 0 மணி' என்று கொண்டு, பொது நேரத்துக்கு மாற்றினால் ஜூன் 9, மாலை 6.30 ஆகிவிடும். பிறகு தேதியை மட்டும் அச்சிட்டால் பிறந்த நாள் ஜூன் 9! வயது வரம்பு உள்ள தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு நாள் என்பது சிறிய பிழையா? ஆகவே பிறந்த தேதியை மணியோடு பிணைக்காமல், வெறும் தேதியாகவே கையாளும் பயன்கூற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொரு வகைப் பயன்கூறு காவல்காரனைப் போன்றது. இணையப் பக்கத்தில் கட்டளைகளைக் கோணக்குறிகளுக்குள் எழுதுவது வழக்கம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் குறும்பாகக் கோணக்குறி இட்டுக் கட்டளை எழுதிவிட்டால், அந்தப் பெயரைப் பார்க்கும் பிறருடைய உலாவி அதைக் கட்டளை என்று நம்பி நிறைவேற்றிவிடும். கடவுச்சொல்லும் களவு போகலாம். ஆகவே பக்கத்தில் இடுவதற்கு முன், கோணக்குறியை வெறும் எழுத்தாக மட்டுமே தெரியும் வடிவுக்கு மாற்றும் பயன்கூறு வழியே அனுப்புகிறார்கள். ஒரே ஓர் இடத்தில் இதை மறந்தாலும் கதவு திறந்ததுதான்.

பதினொரு வரி நின்றபோது

பிறர் எழுதிய கருவியை எடுத்துப் பயன்படுத்துவது நல்லதே. ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2016 மார்ச் 22 அன்று, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான 'என்பிஎம்' என்ற பொது அலமாரியிலிருந்து 'லெஃப்ட் பேட்' என்ற பயன்கூற்றை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டார். அது பதினொரு வரிகளே கொண்டது. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்த்து வேண்டிய நீளத்துக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. ஆனால் அதை நம்பி வேறு தொகுப்புகள், அவற்றை நம்பி இன்னும் பல தொகுப்புகள் இருந்தன. உலகெங்கும் நிரலாளர்களின் வேலை தடைபட்டது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது திரும்ப வைக்கப்பட்ட பின்னரே நிலைமை சீரானது. சின்ன அச்சாணி இல்லாமல் பெரிய தேர் ஓடாது என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி அல்லவா?

ஆகவே எடுத்துக்கொள்ளும் கருவியைத் திறந்து படியுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைக் கொடுத்துச் சோதியுங்கள். ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்துச் சோதித்த கருவியைப் பாதி சோதித்தது என்றே கொள்ள வேண்டும். நாளை உங்களில் ஒருவர் எழுதும் நிரல், ஆயிரம் பேரின் பெயரைத் தாங்கி நிற்கலாம். ஒரு சுழியும் விழாமல், ஒரு புள்ளியும் குறையாமல் அவர்கள் பெயரைக் காப்பது உங்கள் பொறுப்பு.

முடிக்குமுன் ஒரு பயிற்சி. ஆறுமுகநேரிக்கு அடுத்த நிலையம் காயல்பட்டினம், அதற்கடுத்தது திருச்செந்தூர். இவ்விரு பெயர்களுக்கும் எழுத்து எத்தனை, யூனிகோடு எண்கள் எத்தனை, பைட் எத்தனை? தாளில் போட்டுப் பார்த்த பிறகே கீழே பாருங்கள்.

விடை: காயல்பட்டினம் 8, 13, 39. திருச்செந்தூர் 7, 14, 42. எழுத்து குறைவான ஊருக்கே இடம் அதிகம் தேவைப்படுகிறது! ஏன் என்று உங்கள் நண்பருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.